அரிவாளின் எஃகும் அதன் பதமும்

விவசாயிகள் வாங்கும் சாமான்களில் விலை மிகக் குறைந்தவை கைக்கருவிகளே. அக்காரணத்தாலேயே அவற்றின் தரத்தைப் பற்றி விசாரிப்போரும் மிகக் குறைவாயிருக்கின்றனர். பம்பு செட்டு ஒன்று வாங்குவதற்கு முன் நாலு ஊர் சென்று நாலு பேரைக் கேட்கிற மிராசுதார், பத்து அரிவாள் வேண்டுமானால் சந்தைக்குப் போகும் ஆளிடம் பணத்தைக் கொடுத்தனுப்பி விடுகிறார். வந்து சேர்ந்த அரிவாள் பளபளப்பாயிருக்கிறதா, பிடி இறுக்கமாயிருக்கிறதா என்பதற்கு மேல் யாரும் பார்ப்பதில்லை. பத்து நாளில் அதன் வாய் மடங்கிப் போனால், இந்தக் காலத்து இரும்பே இப்படித்தான் என்று சொல்லி வேறொன்று வாங்குவது வழக்கமாகிவிட்டது. இந்தக் காலத்து இரும்பின் மீது அவ்வளவு குறை சொல்ல நியாயமில்லை. இன்ன வேலைக்கு இன்ன எஃகு என்று அறியாமல் வாங்குவதிலும், உலைக்களத்தில் பதம் தவறிவிடுவதிலுமே குறை பெரும்பாலும் இருக்கிறது. அதனை விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்துகொள்ளும்படி விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலில் நஷ்டக் கணக்கைப் பார்ப்போம். கரும்பு வெட்டுக்குப் பத்து ஆட்களை விட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் மழுங்கிய கத்தியைத் தீட்டுவதற்காக மணிக்கு 6 நிமிஷம் நின்றால், பத்துப் பேருக்கும் சேர்ந்து மணிக்கு 60 நிமிஷம் போய்விடுகிறது. அதாவது பத்துப் பேருக்குக் கூலி கொடுத்து ஒன்பது பேரின் வேலையைத்தான் பெறுகிறோம். கூலி உயர்ந்தும் ஆள் கிடைப்பது அரிதாகியும் இருக்கும் இக்காலத்தில், ஒரு வாரத்து வெட்டில் இவ்வாறு போகும் பணம் எத்தனை நல்ல கத்திகளின் விலையாகும் என்பதை அவரவரே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கரும்பில் இதனினும் பெரிய நஷ்டம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்கிறது. கரும்பைத் தரையோடு தரையாக ஒரே வெட்டில் வெட்ட வேண்டும். அடிக்கணுக்களிலேதான் சர்க்கரைச் சத்து அதிகம். கத்தி மழுங்கியிருந்தால் ஆள் தன்னையறியாமலே கையை உயர்த்தி, நாலு விரற்கடை மேலே வெட்டுவான். தரையருகில் வெட்டினால் மண்ணும் கல்லும் பட்டு இருக்கும் கூர்மையும் போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். அவ்வாறு உயர நின்ற கட்டையில் மேற்கணுவின் மொட்டுகள் கிளம்பி, மேலாக வேர்விட்டு, மறுதாம்புப் பயிர் ஆரம்பத்திலேயே பலவீனமாகிறது. ஒரே வெட்டில் துண்டாகாமல் இரண்டு மூன்று வெட்டு விழுந்தாலோ கட்டை பிளந்து, பிளவில் நீர் தங்கி அழுகல் காண்கிறது. ஆகவே கத்தியின் எஃகு மட்டமாயிருந்தால் இவ்வருஷத்து வெட்டுக்கூலியோடு அடுத்த வருஷத்து மறுதாம்பும் பாதிக்கப்படுகிறது. மா, எலுமிச்சை முதலிய மரங்களைக் கவாத்துச் செய்யும்போதும் இவ்விதமே. கூரிய கத்தியால் வெட்டிய காயத்தின் பட்டை சீக்கிரம் கூடிக்கொள்ளும். மழுங்கிய கத்தியால் நைந்த காயத்தில் பூஞ்சாணம் எளிதில் புகுந்துவிடும்.

எஃகு என்பது இரும்புடன் சிறிதளவு கரிச்சத்து கலந்த பொருள். கரிச்சத்து எவ்வளவு என்பதைப் பொறுத்தே அதன் குணம் அமைகிறது. கட்டிட வேலைக்கும் கதவு ஜன்னல் கம்பிகளுக்கும் உபயோகமாகும் மைல்டு ஸ்டீலில் 100 கிலோவுக்குக் கால் கிலோவுக்கு மேல் கரிச்சத்து இராது. லாரி ஸ்பிரிங் பட்டையில் அரைக் கிலோ முதல் 600 கிராம் வரையிலும், ரயில் தண்டவாளத்தில் 600 முதல் 800 கிராம் வரையிலும் காணலாம். அரம் செய்யும் எஃகில் ஒரு கிலோவுக்கு மேலேயே உண்டு. இரண்டு கிலோவைத் தாண்டிவிட்டால் அது எஃகு அன்று, வார்ப்பிரும்பு. சம்மட்டியால் அடித்தால் நீளாமல் உடைந்துவிடும்.

இந்தச் சொற்பக் கரிச்சத்து செய்யும் காரியம் வியக்கத்தக்கது. நன்கு சிவக்கக் காய்ச்சிய எஃகில் கரிச்சத்து இரும்பினுள் முழுதும் கரைந்து நிற்கும். அதைத் தானாக ஆறவிட்டால் கரிச்சத்து பிரிந்து ஒதுங்க, எஃகு மறுபடி மிருதுவாகிறது. சடுதியில் நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திக் குளிரச் செய்தால், பிரிந்து ஒதுங்க அவகாசமின்றி உள்ளேயே சிக்கிக்கொண்டு இரும்பின் அமைப்பையே இறுக்கி விறைக்கச் செய்கிறது. நம் கொல்லர்கள் தோய்ச்சல் என்றும் துவைச்சல் என்றும் வழங்குவது இதையே. கரிச்சத்து இல்லாத இரும்பில் சிக்குவதற்கு ஒன்றுமில்லை; ஆகவே மைல்டு ஸ்டீலை எத்தனை தடவை சிவக்கக் காய்ச்சித் தோய்த்தாலும் அரிவாளுக்கு வேண்டிய கடினம் அதற்கு வராது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் அரிவாள்களில் பல, கட்டிடக் கம்பியிலிருந்தோ மெல்லிய தகட்டிலிருந்தோ செய்து, வர்ணம் பூசி, வாயை மட்டும் சாணையில் பளபளக்கத் தீட்டியவை. கடையில் பார்க்கும்போது காகிதத்தை அறுக்கும். வயலில் அரை நாளைக்கு மேல் நிற்காது.

அப்படியானால் கரிச்சத்து அதிகமாக அதிகமாக நல்லதுதானே என்று கேட்கலாம். அதுவும் இல்லை. சுமார் 700, 800 கிராம் வரையில் கரிச்சத்து ஏற ஏறத் தோய்த்த எஃகின் கடினம் ஏறுகிறது. அதற்குமேல் கடினம் அவ்வளவாகக் கூடுவதில்லை. தேய்மானம் மட்டும் இன்னும் குறையும். ஆனால் எஃகு வரவர முறியும் தன்மையை அடைகிறது. சவரக் கத்திக்கும் அரத்துக்கும் ஏற்ற எஃகு, கருவேலங்கட்டையில் ஓங்கிப் போடும் வெட்டரிவாளுக்கு ஏற்றதன்று. வாய் மடங்கிப்போவது மென்மையின் குற்றம். பல் உதிர்வது கடினத்தின் குற்றம். இவ்விரண்டிற்கும் நடுவே அந்தந்த வேலைக்குரிய இடத்தில் நிறுத்துவதே கொல்லரின் வித்தை.

இவ்வித்தை நம் நாட்டிற்குப் புதிதன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் நடந்த அகழ்வாராய்ச்சிகளில் பழைய இரும்பு உலைகள் அகப்பட்டிருக்கின்றன. சேலம் ஜில்லாவில் கஞ்சமலை முதலிய இடங்களின் காந்தக் கல்லிலிருந்து எடுத்த இரும்பைச் சிறு மண்மூசைகளில் இட்டு, அதனுடன் ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் சேர்த்து, வாயை மண்ணால் மூடி உருக்கி எஃகுக் கட்டி செய்துவந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த ஆங்கிலேயர்கள் எழுதி வைத்திருக்கின்றனர். மூடிய மூசைக்குள் கருகிய ஆவாரையின் கரிச்சத்து இரும்பிற் புகுந்து அதை எஃகாக்கிற்று என்பதே அதன் சூட்சுமம். வூட்ஸ் என்று மேனாட்டார் பெயரிட்ட அவ்வெஃகை 1795இல் ஜார்ஜ் பியர்சன் என்பவர் லண்டன் ராயல் சொஸைட்டியின் முன் வாசித்த கட்டுரையிலும், 1819இல் மைக்கேல் பாரடே தம் சோதனைகளிலும் ஆராய்ந்தார்கள். சென்னை மாகாணத்தில் கம்பெனி உத்தியோகத்திலிருந்து, 1830 முதல் பரங்கிப்பேட்டையில் இரும்புத் தொழிற்சாலை நடத்திய ஹீத் துரை, பின்னர் எஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் இங்கிலாந்தில் பேடண்டு பெற்றார். வூட்ஸ் எஃகில் கரிச்சத்து 100 கிலோவுக்கு ஒரு கிலோவுக்கும் மேல் இருந்தது. வாளுக்குப் பெயர்பெற்ற அதில் முழு அரிவாளைச் செய்தால் அதை விறகு வெட்டுக்கு உபயோகிப்பது உசிதமன்று. பழைய முறையில் அடித்த கருவிகளில் உடலை மிருதுவான இரும்பில் செய்து, வாய்க்கு மட்டும் எஃகுத் துண்டை வைத்து ஒட்ட அடிப்பதுண்டு. எஃகின் விலை அதிகமாயிருந்த காலத்தில் அது சிக்கனம். முறியாமைக்கும் அதுவே காப்பு.

இன்று நம் கிராமக் கொல்லர்களுக்குக் கிடைக்கும் எஃகில் மிகவும் நல்லது பழைய லாரி ஸ்பிரிங் பட்டையே. சிவகங்கை ஜில்லாவில் அரிவாளுக்குப் பெயர்போன திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களின் பெயரைச் சொல்லி விற்கும் அரிவாள்களையும், பெயரைக் கேட்டு வாங்காமல், எந்தப் பட்டையில் அடித்தது என்று கேட்டு வாங்குவது நலம். இப்பட்டைகளில் பெரும்பாலானவை கரிச்சத்துடன் சிலிக்கனும் மாங்கனீஸும் கலந்தவை, இ.என். 45 என்று வியாபாரத்தில் வழங்கும் வகையில் 100 கிலோவுக்குச் சுமார் ஒன்றரை முதல் இரண்டு கிலோ சிலிக்கன் இருக்கும். வேறு சிலவற்றில் குரோமியம் கலந்திருக்கும். வளைந்து மீளும் வேலைக்கென்றே செய்த எஃகாதலால் இவற்றுக்கு முறியாத் தன்மை அதிகம். வெட்டரிவாள், கரும்புக் கத்தி, களைக்கொட்டு, கோடரி ஆகியவற்றுக்கு இதற்கு மேல் நாம் ஒன்றும் தேட வேண்டியதில்லை. கதிர் அறுக்கும் அரிவாளுக்கும் தென்னை, பனையில் பாளை சீவும் அரிவாளுக்கும் மட்டும் கரிச்சத்து சற்று மிகுந்த எஃகு மேலானது. அவற்றில் ஓங்கி வெட்டும் வேலை இல்லை. மெல்லிய வாய் நெடுநேரம் கூர் மாறாமல் நிற்பதே முக்கியம்.

லாரிப் பட்டையில் ஒரு அபாயம் உண்டு. பட்டையைக் கழற்றி விற்பதற்குக் காரணமே பெரும்பாலும் அது பாரம் தாங்கித் தாங்கி அலுத்து, எங்கேனும் முறிந்திருப்பதுதான். முறிந்த இடத்துக்கு அருகில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் இருக்கக்கூடும். அந்த இடத்தை வைத்து அடித்த அரிவாள், தோய்ச்சல் போடும்போதே வெடிக்கலாம். அன்றி, ஆறு மாதம் கழித்து வேலையின் நடுவே பாதியாய் முறிந்து பறக்கலாம். ஆகையால் முறிவுக்கும் நடுத்துளைக்கும் தள்ளியிருக்கும் பகுதியையே எடுக்க வேண்டும். சந்தேகமிருந்தால் பட்டையைத் துருப்போகத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் நன்றாய்த் துடைத்துவிட்டுச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவ வேண்டும். வெடிப்பிருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கறுத்த கோடு காட்டிக்கொடுக்கும். இதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

தண்டவாளத் துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எஃகு நல்லதுதான், ஆனால் ரயில்வே சொத்தை நியாயமின்றி வைத்திருப்பது 1966ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாத தண்டவாளத்தைக் கொண்டுவந்து கொடுத்துக் கொல்லரை வம்பில் மாட்டுவது தகாது. ஊராட்சி வேலைக்கென்று இத்தகைய இரும்பு வந்தால் கிராம உத்தியோகஸ்தர்கள் ரசீதைக் கேட்டுப் பார்ப்பது அவசியம்.

இனிப் பதம் போடுவதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல எஃகு கெடுவது இங்கேதான். அடிப்பதற்காகக் காய்ச்சும்போது எஃகு ஆரஞ்சுப்பழ நிறத்துக்கு வரலாம். வெண்மை கண்டு பொறி பறக்கும் அளவுக்குக் காய்ந்தால் எஃகு எரிந்தே போயிற்று என்று கொள்ள வேண்டும். அத்துண்டை எறிந்துவிடுவதே மேல். எரியாவிட்டாலும், அளவுக்கு மீறிய சூட்டில் நெடுநேரம் கிடந்த எஃகின் அணுத்திரள்கள் பெருத்துவிடும். அதை முறித்துப் பார்த்தால் முறிவு கற்கண்டைப்போல் மினுமினுக்கும். சரியாகக் காய்ச்சியதன் முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல் மங்கலாயிருக்கும். அடித்து முடிந்தபின் இரண்டு மூன்று தடவை மிதமாகச் சிவக்கக் காய்ச்சிக் காற்றில் தானாக ஆறவிட்டால், பெருத்த திரள்கள் மறுபடி சிறுத்து எஃகு சீராகிறது. இதற்கு இன்னும் அரைமணி நேரமும் ஒரு கூடைக் கரியும் ஆகும். அவசரத்தில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

தோய்ச்சலுக்குரிய சூடு எதுவென்று கண்டுபிடிக்கக் காந்தம் ஒன்றிருந்தால் போதும். எஃகு சுமார் 770 டிகிரி சென்டிகிரேடில் காந்தத்தால் இழுக்கப்படும் குணத்தை இழக்கிறது. கம்பியில் கட்டிய காந்தம் ஒட்டாத நிலையை அடைந்ததும் வெறும் கரிச்சத்து எஃகை இன்னும் சிறிது காய்ச்சித் தோய்க்கலாம். சிலிக்கன் கலந்த ஸ்பிரிங் பட்டைக்கு அதைவிட ஒரு சாயல் பிரகாசமான சிவப்பு, அதாவது 850 டிகிரிக்குச் சற்று மேல், வேண்டியிருக்கும். நிறத்தைப் பகல் வெயிலில் பார்த்து முடிவு செய்யலாகாது. வெயிலில் மங்கலாய்த் தெரிவது நிழலில் பளிச்சென்று தெரியும். பட்டறையின் அந்த மூலை எப்போதும் இருட்டாக இருப்பதன் காரணம் இதுவே. கூரையில் ஓட்டையை அடைக்காத பட்டறையில் ஒரு அரிவாள் போல் மற்றொன்று அமைவதில்லை.

எதில் தோய்ப்பது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. தண்ணீர் மிக விரைவாகக் குளிர்விக்கும். உப்புத் தண்ணீர் அதனினும் விரைவு. வெறும் கரிச்சத்து எஃகுக்கு அது பொருந்தும். ஸ்பிரிங் பட்டைக்கோ எண்ணெயே போதும். தண்ணீரில் இட்டால் மெல்லிய வாயில் வெடிப்புக் காண்பதுண்டு. சிறிது வெதுவெதுப்பாகக் காய்ச்சிய கடலை எண்ணெய் நன்றாக வேலை செய்கிறது. வண்டியில் ஓடிக் கழித்த எண்ணெயின் புகை உடம்புக்குக் கெடுதல். அனுபவமுள்ள கொல்லர்கள் அரிவாளை முழுதும் அமிழ்த்தாமல் வாய்ப்பக்கம் மட்டும் தோயும்படி பிடித்து அசைத்தெடுப்பதை நாம் பார்க்கிறோம். இதனால் வாய் கடினமும் முதுகு மென்மையும் பெறுகின்றன. பழைய காலத்தில் எஃகை ஒட்டவைத்துப் பெற்ற பலனை ஒரே பட்டையில் இவ்வாறு பெறுவது நல்ல யுக்தியாகும்.

தோய்த்தெடுத்த எஃகு கண்ணாடிபோல் முறியும். அந்நிலையில் அதை ஒருநாள் போட்டுவைத்தாற்கூடத் தானே வெடிக்கலாம். உடனே மறுபடியும் இளஞ்சூடு காட்டி விறைப்பைச் சற்று இறக்க வேண்டும். வாயின் ஒரு பக்கத்தைக் கல்லால் தேய்த்துப் பளிச்சென்று வைத்துக்கொண்டு, முதுகுப் பக்கத்திலிருந்து சூடு மெல்ல ஏறிவரச் செய்தால், தேய்த்த இடத்தில் நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். சுமார் 220 டிகிரியில் வெளிறிய வைக்கோல் நிறம் தோன்றும். 255இல் அது பழுப்பாகும். 280இல் கத்தரிப்பூ நிறம். 300ஐ அணுகும்போது கருநீலம். கதிரரிவாளையும் பாளை அரிவாளையும் வைக்கோல் நிறம் பழுப்பாக மாறுகிற சமயத்தில் நிறுத்திவிடலாம். கரும்புக் கத்திக்குக் கத்தரிப்பூ நிறம். வெட்டரிவாளும் கோடரியும் நீலத்தைத் தொட வேண்டும். சிலிக்கன் கலந்த எஃகு சூட்டுக்கு எளிதில் இளகாது. ஒரே நிறத்தில் மற்றதைவிடக் கடினமாகவே நிற்கும். ஆகையால் ஸ்பிரிங் பட்டையில் செய்த வெட்டரிவாளை வைக்கோல் நிறத்தோடு நிறுத்தினால் நிச்சயமாகப் பல் உதிரும். நல்ல பட்டை என்று சொல்லி வாங்கிய அரிவாள் முதல் நாளே பல் போய்விட்டது என்று வரும் புகார்களிற் பலவற்றின் காரணம் எஃகன்று, இதுவே.

பட்டையை உலையில் வைக்காமல், வெட்டிச் சாணையில் தேய்த்து மட்டும் அரிவாள் செய்து விற்பதும் இப்போது பரவியிருக்கிறது. இதை முற்றிலும் குற்றம் சொல்வதற்கில்லை. ஸ்பிரிங் பட்டைக்குத் தொழிற்சாலையிலேயே தோய்ச்சலும் பதமும் போட்டிருப்பதால், சாணை பிடிக்கும்போது அதிகம் சூடேறாமல் பார்த்துக்கொண்டால், கிடைக்கும் கத்தி சற்று மென்மையாயினும் முறியாது. முள்வேலி வெட்டவும் தழை ஒடிக்கவும் அது போதும். அடிக்கடி தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் காஸ் வைத்து வெட்டிய விளிம்பையே வாயாகத் தீட்டியிருந்தால் வாங்கக்கூடாது. அந்த விளிம்பு ஓரிடத்தில் எரிந்தும் ஓரிடத்தில் விறைத்தும் இருக்கும்.

எவர்சில்வர் கத்திகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். துருப்பிடியாத எஃகில் 100 கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் குரோமியம் சேர்ந்திருக்கிறது. நம் வீட்டுப் பாத்திரங்களுக்கு உபயோகமாகும் எவர்சில்வர், தோய்ச்சலால் கடினப்படாத வகை. அதில் கத்தி செய்வது வீண். கத்திக்கென்றே தனி வகைகள் உண்டு. அவற்றைத் தோய்க்க 1000 டிகிரிக்கு மேலான சூட்டை ஒரே சீராக நிறுத்த வேண்டுமாதலால் கரி உலையில் செய்வது இயலாது. தொழிற்சாலையில் செய்ததைத்தான் வாங்க வேண்டும். கடலோரத்திலும், பழம் நறுக்கும் வேலைக்கும் அவை சௌகரியம். தோப்பிலும் வயலிலும் செய்யும் வெட்டு வேலைக்குச் சாதாரணக் கரிச்சத்து எஃகே மேல் என்பது எமது அபிப்பிராயம். அது துருப்பிடிக்கும், ஆனால் ஆற்றங்கரைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் ஏறும். முறிந்தாலும் மழுங்கினாலும் உள்ளூரிலேயே செப்பனிடலாம்.

வாங்கும்போது செய்யத்தக்க சோதனைகள் சில உண்டு. புதிய மெல்லிய அரத்தால் வாயின் ஓரத்தில் இலேசாக இழுத்துப் பார்க்கலாம். அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் கடித்துத் துகள் எடுத்தால் அது மைல்டு ஸ்டீல் என்றோ, பதமே போடாதது என்றோ கொள்ளலாம். கொஞ்சமும் கடிக்காமல் கண்ணாடி மேல் போவதுபோல் வழுக்கினால் கதிரரிவாளுக்குச் சரி, வெட்டரிவாளுக்கு விறைப்பு மிகுதி. சிரமப்பட்டுச் சிறிது கடித்தால் வெட்டரிவாள் நன்று. அரத்தை வாயில் மட்டுமன்றிக் கழுத்திலும் இழுத்துப் பார்க்க வேண்டும். பிடிக்குள் போகும் வாலும் அதை அடுத்த கழுத்தும் மென்மையாக இருக்க வேண்டும். அங்கேயும் தோய்ச்சல் ஏறியிருந்தால் அல்லது கழுத்து வளைவின்றி மூலையாக வெட்டுப்பட்டிருந்தால், அரிவாள் முறிவது பெரும்பாலும் அவ்விடத்தில்தான். முறிந்த அலகு எதிரே கட்டு கட்டிக்கொண்டிருப்பவர் மீது விழுகிறது.

சாணைச் சக்கரம் அருகிலிருந்தால் பொறியைப் பார்த்தே எஃகின் வகையை அறியலாம். மைல்டு ஸ்டீல் நீண்ட கோடுகளாகப் பொறி விடும்; நுனியில் கிளை அதிகம் இராது. கரிச்சத்து மிகுந்தால் பொறிகள் மத்தாப்பூவைப்போல் நெருக்கமாக வெடித்துச் சிதறும். இவ்விரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்தவருக்குப் பிறகு சந்தேகம் எழாது. ஊராட்சிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஐம்பது நூறென்று மொத்தமாக வாங்குகிற உத்தியோகஸ்தர்கள், எடையையும் விலையையும் மட்டும் எழுதாமல், இன்ன வகை எஃகு, வாய் தோய்ச்சல் போட்டது என்பதையும் ஆர்டரில் எழுதி, வந்த சரக்கில் நாலைந்தை எடுத்து உலர்ந்த மூங்கிலில் பத்து வெட்டு வெட்டிப் பார்த்த பின்பே ரசீதில் கையெழுத்திட வேண்டும். வாய் மடங்கினாலும் பல் உதிர்ந்தாலும் சரக்கைத் திருப்புவதில் தாட்சண்யம் காட்ட வேண்டியதில்லை.

அதே சமயம், கொல்லர் கேட்கும் விலையில் பாதிக்குப் பேரம் பேசிவிட்டு, அவர் மட்டமான இரும்பைப் போட்டுவிட்டார் என்று குறை கூறுவதும் நியாயமன்று. மூன்று தடவை காய்ச்சி ஆற்றவும், பார்த்துத் தோய்க்கவும், நிறம் பார்த்து இறக்கவும் அவருக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி வேண்டும். பட்டையை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்து, வேலைக்கு மட்டும் தனியாகக் கூலி பேசிக்கொள்வது இரு தரத்தாருக்கும் நல்லது. சித்திரை வைகாசியில், வேலை குறைவான காலத்தில் கொடுத்தால் அவரும் பொறுமையாகச் செய்வார். அறுவடைக்கு முதல் நாள் பட்டறை வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது கொடுத்த அரிவாளில் பதம் எதிர்பார்ப்பது வீண்.

நல்ல எஃகை வாங்கியபின் அதைக் கெடுப்பது பெரும்பாலும் மின்சாரச் சாணை. வேகமாய்ச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய வாயை அழுத்திப் பிடித்தால் ஒரு நொடியில் நீலம் பாய்ந்துவிடும். கதிரரிவாளில் அவ்வாறு நீலித்த இடம் பதம் இழந்த இடம். மேலே தேய்த்து நிறத்தைப் போக்கினாலும் மென்மை போகாது. தொட்டியில் தண்ணீர் வைத்துக்கொண்டு, கைபொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாமல் அடிக்கடி நனைத்து நனைத்துப் பிடிக்க வேண்டும். கருக்கரிவாளுக்குக் கருக்கு வெட்டுவதற்குமுன் கொல்லர் அதைச் சுட்டு மென்மையாக்குவார். வெட்டியபின் திரும்பத் தோய்ச்சல் போட்டாரா என்று கேட்டு வாங்க வேண்டும். வாயின் சரிவும் வேலைக்குத் தக்கபடி இருக்க வேண்டும். மெலிந்த சரிவு கதிருக்கு. தடித்த சரிவு கட்டைக்கு. ஒரே அரிவாளால் புல்லும் அறுத்து விறகும் பிளக்க வேண்டுமென்றால் இரண்டும் கெடும். ஆப்பு வைப்பதுபோல் அரிவாளைக் கட்டையில் வைத்து முதுகில் சம்மட்டியால் அடிக்கும் வழக்கம் மிகவும் அபாயமானது. தோய்ந்த எஃகிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும்.

வாழை, பாக்கு, மா இவற்றின் பாலும் துவர்ப்பும் எஃகைக் கறுக்கச் செய்யும். கறுப்பு கெடுதலன்று, ஆனால் பாலோடு இரவு முழுதும் கிடந்தால் வாயில் நுண்ணிய குழிகள் விழுந்து கூர் நிற்காது. மாலையில் கழுவித் துடைத்து விளக்கெண்ணெய் தடவி வைக்க வேண்டும். கரும்பில் மறுதாம்புக் குட்டை நோய், நோயுள்ள தூரை வெட்டிய கத்தியின் சாறு மூலமாக நல்ல தூருக்குப் பரவுகிறது. ஆதலின் விதைக்கரணை நறுக்கும் கத்தியை ஒரு வயலிலிருந்து மற்றொரு வயலுக்குக் கொண்டுபோகுமுன் கிருமிநாசினியில் நனைப்பது அவசியம். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீர் இதற்கு உதவும். அந்நீர் எஃகை வெகு விரைவில் அரிக்குமாதலால், நனைத்த கத்தியை வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, ஈரமறத் துடைத்து, அன்றைக்கே எண்ணெய் போட்டு வைக்க வேண்டும்.